கோத்தகிரில இருந்து சியோல்: பிடிச்ச பாட்டுக்காரங்கள பாக்கப் போறவங்களுக்கு

2025 ஜூன்ல நான் கொரியா போயிட்டு வந்ததுல இருந்து நம்ம மலைல பிடிஎஸ்ங்கற கொரியா பாட்டு குரூப்புக்கு ரசிகரா இருக்கற பிள்ளைங்க பாதி பேருக்கு என் நம்பர் தெரிஞ்சிருச்சு போல, வாரத்துக்கு ரெண்டு பேராச்சும் "அக்கா எப்படி போனீங்க"ன்னு கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனியா வாய்ஸ் நோட் போட்டு தொண்டையே போச்சு, அதனால மொத்தமா எழுதி வச்சுடறேன்.

மொதல்லயே சொல்லிடறேன், நான் அவங்கள கண்ணால பாக்கல. ஸ்டேடியத்துக்கு வெளிய தரைல உக்காந்து கேட்டுட்டு வந்தேன். அப்பறம் நீ எதுக்கு எங்களுக்கு சொல்லித்தர்றேன்னு கேக்கலாம், கேளுங்க, ஆனா எங்க எங்க சறுக்கும்னு சறுக்கினவளுக்குத்தான் தெரியும்.

2024 ஜனவரில கரூர் பக்கம் எட்டாவது படிக்கற மூணு பொண்ணுங்க உண்டியல் காசு 14,000 ரூபாய எடுத்துக்கிட்டு, விசாகப்பட்டினம் போய் கப்பல் ஏறி கொரியா போயிடலாம்னு கெளம்பி சென்னை வரைக்கும் போயிட்டு திரும்பறப்போ காட்பாடி ஸ்டேஷன்ல கெடைச்சாங்களே, ஞாபகம் இருக்கா, ஊரே சிரிச்சுது. எனக்கு சிரிப்பு வரல. அந்த வயசுல என்கிட்ட 14,000 இருந்திருந்தா நானும் கெளம்பியிருப்பேன். அதனால பள்ளிக்கூட பிள்ளைங்க யாராச்சும் இத படிச்சா, தனியா கெளம்பற பேச்சே வேண்டாம், வீட்ல ஒரு பெரியவங்கள கூட்டு சேத்துக்கோங்க, அது கஷ்டம்தான். நான் "ஆர்மி"ன்னு சொன்னப்போ எங்க தாத்தா வெலிங்டன் எம்ஆர்சில, ராணுவத்துல சேந்துட்டேன்னு நினைச்சு நாலு வீட்டுக்கு சொல்லிட்டு வந்துட்டாரு, அது ரசிகர்களுக்கு வச்ச பேருன்னு புரிய வைக்க ஒரு வாரம் ஆச்சு. ஆனா புரிஞ்சப்பறம் மொத பணம் குடுத்தது அவருதான், தேயில வித்த காசு.

பாஸ்போர்ட்டுக்கு நம்ம மாவட்டத்துக்கு கோயம்புத்தூர் ஆபீஸ்தான். பெரியவங்களுக்கு 36 பக்கம் 1,500 ரூபா, பத்து வருஷம் செல்லும், பதினெட்டு ஆகாதவங்களுக்கு 1,000 ரூபா, அஞ்சு வருஷமோ பதினெட்டு வயசு வரைக்குமோ எது முன்னாடி வருதோ அது வரைக்கும். போலீஸ் விசாரணைக்கு வந்தா ஊரே எட்டிப் பாக்கும், அத ஒண்ணும் செய்ய முடியாது.

இதுல முக்கியமான விஷயம் பேரு. நமக்கெல்லாம் இனிஷியல்தான, சர்நேம்ங்கறது கெடையாது. நான் ஃபார்ம் போடறப்போ சர்நேம் கட்டத்த காலியா விட்டுட்டு என் பேர மட்டும் போட்டேன், பாஸ்போர்ட்டும் அப்படியே வந்துருச்சு, சந்தோஷமா வாங்கி பீரோல வச்சேன். அப்பறம் கச்சேரி டிக்கெட் விக்கற அன்னிக்கு கியூல நின்னு நின்னு (ஆன்லைன் கியூதான்) என் மொறை வந்தா, கடைசி பேரு கட்டம் காலியா இருந்தா அடுத்த பக்கத்துக்கு தள்ளவே மாட்டேங்குது. ஒரு புள்ளி வச்சேன், ஒத்துக்கல. பேரையே ரெண்டு தடவ போட்டேன், ஃபேன் கிளப் மெம்பர்ஷிப்ல இருக்கற பேரோட பொருந்தலன்னு வந்துச்சு. அப்பா பேர அடிச்சு முடிக்கறதுக்குள்ள டைம் முடிஞ்சு வெளிய தள்ளிருச்சு, திரும்ப உள்ள போனா ஒரு சீட்டு கூட இல்ல. அழுதேன், மறைக்க என்ன இருக்கு.

அதனால பாஸ்போர்ட் போடறப்பவே இனிஷியல விரிச்சு அப்பா பேரையோ அம்மா பேரையோ சர்நேம்ல போட்டுடுங்க. அதே எழுத்துல, ஒரு எழுத்து கூட மாறாம, ஃபேன் கிளப் மெம்பர்ஷிப், டிக்கெட் சைட் அக்கவுண்ட், ஃப்ளைட் டிக்கெட், விசா எல்லாத்துலயும் இருக்கணும். கொரியாவுல பெரிய கச்சேரிக்கு வாசல்லயே பாஸ்போர்ட் வாங்கி பேர சரி பாத்துதான் விடுவாங்க, ஃப்ரெண்டு பேர்ல இருக்கற டிக்கெட் உங்களுக்கு உதவாது, பிளாக்ல வாங்கி ஏமாந்தவங்கள நானே வாசல்ல பாத்தேன்.

டிக்கெட் எப்படி கெடைக்கும்னா, பிடிஎஸ் மாதிரி பெரிய குரூப்புக்கு வீவர்ஸ்ங்கற ரசிகர் ஆப்ல காசு கட்டி மெம்பர்ஷிப் வாங்கணும், அது மட்டும் போதாது, ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்விற்பனைக்குன்னு தனியா பதிவு பண்ணனும், இந்த ரெண்டாவத மறந்துட்டு மெம்பர்ஷிப் இருக்கேன்னு உக்காந்திருக்கறவங்கதான் நெறைய. கொரியா நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னாடி, அங்க ராத்திரி எட்டுன்னா இங்க சாயங்காலம் நாலரை. அந்த நேரத்துல கோத்தகிரில மேகம் எறங்கி மழ வந்து கரண்டும் போயிருக்கும், டவரும் போயிருக்கும், அதனால கோயம்புத்தூர்ல யாரு வீட்லயாச்சும் நல்ல லைன்ல உக்காருங்க.

கச்சேரி இல்லாம கிட்டத்துல பாக்கறதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ஃபேன்சைன். புது ஆல்பம் வர்றப்போ இந்த கடைல இந்த தேதிக்குள்ள வாங்கினா குலுக்கல்ல சேத்துப்போம்னு அறிவிப்பாங்க, ஒரு ஆல்பத்துக்கு ஒரு சீட்டுன்னு கணக்கு, விழுந்தவங்க மேசைக்கு எதிர்ல உக்காந்து ஒண்ணு ரெண்டு நிமிஷம் பேசி கையெழுத்து வாங்கலாம். பிடிச்ச குரூப் ரொம்ப பெருசா இருந்தா இதுல காசு போடாதீங்க, பொட்டி பொட்டியா வாங்கறவங்களோட நம்மளால மோத முடியாது. சின்ன குரூப், புதுசா வந்த குரூப் பிடிச்சவங்க குடுத்து வச்சவங்க, அவங்களுக்கு நெஜமாவே விழுது, வீடியோ கால் ஃபேன்சைன்னா வீட்ல இருந்தே பேசலாம், விசாவே வேண்டாம். இன்னொண்ணு டிவி பாட்டு ஷோ. வியாழன் எம் கவுண்ட்டவுன், வெள்ளி மியூசிக் பேங்க், சனி மியூசிக் கோர், ஞாயிறு இன்கிகாயோ. உங்க ஆளுங்க புது பாட்டு விட்டிருக்கற வாரமா பாத்து போனா ஷூட்டிங்குக்கு ரசிகர்கள உள்ள விடுவாங்க, மெம்பர்ஷிப் இருக்கறவங்களுக்கு முன்னுரிமை, விடிய முன்னாடியே போய் நிக்க வேண்டி வரும்.

விசாவுக்கு கொரியா துணைத் தூதரகம் சென்னைல இருக்கு. சுற்றுலா விசாவுக்கு சி-3-9னு பேரு, 90 நாளுக்குள்ள ஒரு தடவ போயிட்டு வர்றதுக்கு 40 டாலர் கணக்குல ரூபாய்ல கட்டணும். ஆறு மாச பேங்க் ஸ்டேட்மெண்ட், வருமான வரி பேப்பர், வேல பாக்கற எடத்துல லீவு லெட்டர், காலேஜ்னா போனஃபைடு, தங்கற எடம், எந்த நாள் எங்க போறீங்கன்னு ஒரு லெட்டர். நம்ம பக்கம் பிரச்சன என்னன்னா பச்ச தேயிலைல வர்ற காசு வந்த வேகத்துல உரத்துக்கும் கூலிக்கும் போயிடும், பேங்க்ல நிக்காது. அப்ளை பண்றதுக்கு முந்தின வாரம் மாமாகிட்ட ரெண்டு லட்சம் வாங்கி அக்கவுண்ட்ல போடறது இருக்கே, அத மட்டும் பண்ணாதீங்க, பாத்தவுடனே தெரியும். நான் ஒரு வருஷமா மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா சேத்தேன். லெட்டர்லயும் பொய் எழுதல, பாட்டு கேக்கப் போறேன், இத்தன நாள், இந்த தேதி திரும்பி வந்துருவேன்னு எழுதினேன், அவ்வளவுதான்.

கோயம்புத்தூர்ல இருந்து சிங்கப்பூர் போய் அங்க மாறி சியோலுக்கான இன்ச்சியோன் ஏர்போர்ட் போறது நமக்கு வசதி, சென்னை வரைக்கும் போக வேண்டியதில்ல. ரெண்டையும் ஒரே புக்கிங்ல போடுங்க, தனித்தனியா போட்டா சிங்கப்பூர்ல வெளிய வந்து பொட்டி எடுத்து மறுபடி போடணும், அதுக்கு அந்த ஊரு விசா கேப்பாங்க. மழைக்காலத்துல போறவங்க ஒரு நாள் முன்னாடியே கீழ எறங்கிடுங்க, மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தான்னு நினைக்காதீங்க, ஒரு மரம் விழுந்தா போதும், ஃப்ளைட் நமக்காக நிக்காது.

அங்க எறங்கினதும் கூகுள் மேப்ப மட்டும் நம்பாதீங்க, நான் போனப்போ நடக்கற வழி காட்டல, நேவர் மேப் போட்டுக்கோங்க. கடைல டி-மனி கார்டு வாங்கி காசு ஏத்தினா மெட்ரோ பஸ் எல்லாத்துக்கும் ஆகும். ஏர்போர்ட்ல இருந்து சியோல் ஸ்டேஷனுக்கு ஏரெக்ஸ் ரயிலு, நிக்காம போறது 43 நிமிஷம். சைவம் சாப்பிடறவங்க உஷாரு, கிம்ச்சில கூட மீன் சாஸோ எறாலோ போட்டிருப்பாங்க. அப்பறம் வெயிலு. கொரியான்னா குளிருன்னு நான் ரெண்டு ஸ்வெட்டர் கட்டிட்டு போனேன், ஜூன்ல அங்க வேர்த்து ஊத்துது, நம்ம மலை ஒடம்புக்கு தாங்கல.

பிடிஎஸ் ஆரம்பிச்ச நாள் 2013 ஜூன் 13, வருஷா வருஷம் அந்த சமயத்துல ஃபெஸ்டாங்கற விழா நடக்கும். நான் போனப்போ சியோல் பக்கத்துல கோயாங்ல நடந்துச்சு, கின்டெக்ஸ் அரங்குல, அதே ஊரு ஸ்டேடியத்துல பிடிஎஸ்ல ஒருத்தரான ஜேஹோப் கச்சேரியும் 13, 14 ரெண்டு நாள். மூணாம் நம்பர் லைன்ல கடைசி ஸ்டேஷன் டேஹ்வால எறங்கினா கூட்டமே கூட்டிட்டு போயிடும். டிக்கெட் இல்லாதவங்க நூத்துக்கணக்குல சுவரோரமா உக்காந்திருந்தாங்க, எனக்கு பக்கத்துல முட்டிக்கு பெல்ட் கட்டின ஒரு மெக்சிகோ அம்மா, எங்க அம்மா வயசு இருக்கும். நான் ஊட்டி வர்க்கி பொட்டலத்த பிரிச்சேன், பாதி பையிலயே நொறுங்கி தூளா இருந்துச்சு, அந்த அம்மா தூள உள்ளங்கைல கொட்டி அப்படியே வாய்ல போட்டுக்கிட்டாங்க. பாட்டு தெளிவாவே கேட்டுச்சு. திடீர்னு உள்ள ஒரு சத்தம், அதுக்கு முன்னாடி வந்த சத்தமெல்லாம் ஒண்ணுமே இல்லங்கற மாதிரி, என்னன்னு தெரியாம நாங்க வெளிய முழிக்கறோம், ஒருத்தி போன பாத்துட்டு "ஜங்குக், ஜங்குக்"னு கத்தறா. அதே குரூப்புல இருக்கற ஜின்னும் ஜங்குக்கும் மேடைக்கு வந்துட்டாங்க, ஜங்குக் கட்டாய ராணுவ சேவைய முடிச்சு வந்தே ரெண்டு நாள்தான் ஆச்சு. அந்த அம்மா என் கைய புடிச்சுக்கிட்டாங்க, விடவே இல்ல.

அடுத்த நாள் யோங்சான்ல பிடிஎஸ் கம்பெனி கட்டடத்த வெளிய இருந்து பாத்தேன், உள்ள விட மாட்டாங்க. கங்னம் பக்கம் யூஜாங் சிக்டாங்னு ஒரு சாப்பாட்டு கடை, பயிற்சில இருந்த காலத்துல அவங்க சாப்ட எடம், சுவரு பூரா அவங்க படம்தான், இதுக்கு ஒரு மதியம் ஒதுக்கலாம். ஆனா வீட்டத் தேடிப் போறது, கார பின்தொடர்றது, அந்த வேல வேண்டவே வேண்டாம், 2021 அக்டோபர்ல இருந்து அங்க பின்தொடர்றதுக்குன்னே தனி சட்டம் இருக்கு, சட்டம் இல்லாட்டியும் அசிங்கம். பரிசு குடுக்கலாம்னு தோடர் எம்ப்ராய்டரி சால்வை வாங்கிட்டுப் போகாதீங்க, பெரிய கம்பெனிங்க கடிதம் தவிர எதையும் வாங்கறதில்ல. நான் கொண்டு போன சால்வைய மெக்சிகோ அம்மா போத்திக்கிட்டு ரயிலேறினாங்க.

திரும்பறப்போ டி-மனி கார்டுல மிச்சம் இருக்கற காச கடைலயே 500 வோன் புடிச்சுக்கிட்டு திருப்பித் தருவாங்க. நான் வாங்கல, கார்டு இன்னும் பர்ஸ்லதான் கெடக்குது.