கடலோர மணலில் புதைத்த கேபிள் எத்தனை ஆம்ப்ஸ் தாங்கும்?

தேவிபட்டினம் பக்கம் ஓர் இறால் பண்ணைக்கு நான் புதைத்த 25 ஸ்கொயர் (கம்பியின் குறுக்குவெட்டு 25 சதுர மி.மீ.) அலுமினிய பிவிசி கேபிள், முதல் கோடையிலேயே போய்விட்டது. தோண்டிப் பார்த்தால் இன்சுலேஷன் அப்பளமாக நொறுங்குகிறது. சுற்றியிருந்த மணல் விரலிடுக்கில் பொலபொலவென ஒழுகுகிறது. கேபிள் வெந்துகொண்டிருந்த நாளெல்லாம் 63 ஆம்ப்ஸ் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே அணைக்கும் ஸ்விட்ச்) ட்ரிப் ஆகவே இல்லை. அதன் கணக்கில் எல்லாம் சரி!

1. லோடு. 2 ஹெச்பி ஏரேட்டர் (குளத்து நீரில் காற்றைக் கலக்கும் மோட்டார்) 20. 40 × 746 = 29,840 வாட். இதை (1.732 × 415 × பவர் ஃபேக்டர் 0.8 × எஃபிஷியன்ஸி 0.85) ஆல் வகுத்தால் 61 ஆம்ப்ஸ். ஓடும்போது டாங் டெஸ்டர் (வயரைக் கவ்வி ஆம்ப்ஸ் காட்டும் மீட்டர்) போட்டுச் சரிபாருங்கள்.

2. கேபிள் கம்பெனி அட்டவணை. மூன்றரை கோர் (மூன்று முழுக் கம்பி, ஒரு சிறிய நியூட்ரல்) 25 ஸ்கொயருக்கு நிலத்தடியில் 76 ஆம்ப்ஸ். நான் இதோடு நிறுத்திவிட்டேன். கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்கவில்லை: நில வெப்பம் 30 டிகிரி, ஆழம் 75 செ.மீ., மண்ணின் வெப்பத் தடை (சூடு வெளியேறுவதை மண் எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) 1.5.

3. மண். கடலோரம்தானே, ஈரம் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் கேபிள் போவது கரை மேட்டில். அங்கே மணலில் தண்ணீர் நிற்காது; மிச்சமிருக்கும் ஈரத்தையும் கேபிளின் சூடே விரட்டிவிடும். பிறகு மணலுக்கு இடையே காற்றுதான், அது சூட்டை வெளியே விடாது. அதனால் நம்ம ஊர் மணலுக்கு வெப்பத் தடையை 2.5 என்றே எடுக்கிறேன்; அதற்கு ஆம்ப்ஸைக் குறைக்கும் பெருக்கெண் சுமார் 0.8.

நில வெப்பம் கோடைக்கு 40 என்று வைத்தால், (70−40)/(70−30) இன் வர்க்கமூலம் 0.87 (70 என்பது பிவிசி தாங்கும் அதிகபட்ச டிகிரி). அதே குழியில் பம்பு கேபிளும் ஒட்டிக் கிடந்தது, அதற்கு இன்னொரு 0.8. மூன்றையும் பெருக்கினால் 0.56.

76 × 0.56 = 43. அதில் 61 ஓடவிட்டிருக்கிறேன்! 50 ஸ்கொயர் (110) போட்டாலும் 61.6, விளிம்பில் நிற்கிறது. 70 ஸ்கொயர் (135) என்றால் 75.6. அதைத்தான் போட்டேன்.

மொபைல் ஆப்களை நான் நம்புவதில்லை. நான் பார்த்தவற்றில் பல மண்ணைப் பற்றிக் கேட்பதே இல்லை. கேபிள் கம்பெனி அட்டவணையும் ஒரு நோட்டும் போதும். எக்ஸ்எல்பிஇ (பிவிசியைவிட அதிகச் சூடு தாங்கும் இன்சுலேஷன்) கேபிள் என்றால் சூத்திரத்தில் 70க்குப் பதில் 90, அட்டவணையும் வேறு.

பின்சேர்க்கை: தொண்டியிலிருந்து ஒருவர், பாதை குறுக்கே 6 மீட்டர் மட்டும் பைப்புக்குள் போகிறது, பரவாயில்லையா என்று கேட்டிருந்தார். பரவாயில்லை என்று விட முடியாது. பைப்புக்கு அட்டவணையில் தனி வரிசை உண்டு, அதில் ஆம்ப்ஸ் இன்னும் குறைவு. அந்த 6 மீட்டர் தாங்குவதுதான் மொத்தக் கேபிளுக்கும் கணக்கு.