பேட்டன்ட் மறுப்பு வந்தால்: கிண்டியிலிருந்து பாரிமுனை வரை

நம்ம பக்கத்து சர்வீஸ் கடைக்காரர்களுக்காக எழுதுகிறேன். காலேஜ் லேப், பிரவுசிங் சென்டர் என்று நாற்பது மெஷினுக்கு ஒவ்வொன்றாக உட்கார்ந்து செட்டிங் போட்டு அலுத்துப்போய், ஸ்விட்சைப் போட்டதும் மதர்போர்டே எங்கோ இருக்கும் சர்வரைக் கேட்டுத் தன் அமைப்பை வாங்கிக்கொள்கிற மாதிரி ஒன்றைச் செய்து, பேட்டன்டுக்கும் போட்டிருக்கிறீர்கள். கிண்டியில் இருக்கும் பேட்டன்ட் அலுவலகத்திலிருந்து மறுப்பு உத்தரவு வந்துவிட்டது. சரி, அடுத்து என்ன?

முதலில் உத்தரவில் இருக்கும் தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். மேல்முறையீட்டுக்கு பேட்டன்ட் சட்டத்தின் 117ஏ பிரிவின்படி மூன்று மாதம், அதுவும் உத்தரவு தேதியிலிருந்து. எனக்குத் தெரிந்த ஒருவர் கோபத்தில் அதை மடித்து பீரோவில் வைத்துவிட்டார், வெளியே எடுத்தபோது எண்பது நாள் ஓடியிருந்தது. தாமதத்தை மன்னிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டுதான், அதை நம்பித் தூங்காதீர்கள். உத்தரவில் வெளிப்படையான பிழை இருந்தால் அதே அலுவலகத்தில் படிவம் 24 போட்டு மறுஆய்வு கேட்கலாம், அதற்கு உத்தரவு கைக்கு வந்ததிலிருந்து ஒரே மாதம்.

அப்புறம், எந்தக் காரணத்தால் மறுத்தார்கள் என்று பாருங்கள். இந்த மாதிரி விஷயத்தில் பெரும்பாலும் இரண்டுதான் வரும்.

ஒன்று, 3-ஆம் பிரிவின் கே உட்பிரிவு. கம்ப்யூட்டர் புரோகிராம் 'பெர் சே', அதாவது வெறும் புரோகிராமாக மட்டும் இருந்தால், பேட்டன்ட் கிடையாது. அந்த 'வெறும்' என்ற சொல்லில்தான் உங்கள் வழக்கே நிற்கிறது. 2019 டிசம்பரில் ஃபெரிட் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், தொழில்நுட்ப விளைவோ பங்களிப்போ இருந்தால் புரோகிராமை அடிப்படையாகக் கொண்டது என்பதற்காகவே தள்ளிவிட முடியாது என்றது. ஆக, 'சர்வரிலிருந்து செட்டிங் அனுப்பும் மென்பொருள்' என்று வாதாடினால் தோற்பீர்கள். ஓஎஸ் ஏறுவதற்கு முன்பே போர்டில் உள்ள எந்தச் சிப் சர்வரைக் கூப்பிடுகிறது, வந்ததை எந்த நினைவகத்தில் எழுதுகிறது, நடுவில் கரன்ட் போனால் பழைய அமைப்புக்கு எப்படித் திரும்புகிறது, இதையெல்லாம் காட்டுங்கள். ஆனால் இவை முதலில் கொடுத்த ஸ்பெசிஃபிகேஷனிலேயே, அதாவது விண்ணப்பத்தோடு கொடுத்த விவரக்குறிப்பிலேயே, இருக்க வேண்டும். 59-ஆம் பிரிவு கிளைமை, அதாவது 'இதுதான் என்னுடையது' என்று நீங்கள் கேட்கும் உரிமையின் எல்லையை, குறுக்க விடும், அகலமாக்க விடாது.

இன்னொன்று, புதுமையோ கண்டுபிடிப்புப் படியோ (துறை தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றாத முன்னேற்றம்) இல்லை என்பது. இங்கே நேர்மையாக இருங்கள். நெட்வொர்க்கிலிருந்து மெஷினை பூட் செய்யும் பிஎக்ஸ்ஈ 1990-களிலேயே வந்துவிட்டது, வண்ணாரப்பேட்டை பையன்களே டிஹெச்சிபி (மெஷினுக்கு நெட்வொர்க் முகவரி கொடுப்பது), டிஎஃப்டிபி (ஃபைலை அனுப்புவது) வைத்து அதைச் செய்கிறார்கள். உங்களுடையது அதைத் தாண்டி என்ன செய்கிறது என்று இரண்டே வரியில் சொல்ல வரவில்லையென்றால் வக்கீல் ஃபீஸை மிச்சப்படுத்துங்கள்.

சொல்ல வருகிறதென்றால் மேல்முறையீட்டுக்குப் பாரிமுனையில் இருக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான். முன்பு இதற்கென்று தீர்ப்பாயம் இருந்தது, 2021-இல் கலைத்துவிட்டார்கள். உங்கள் விண்ணப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் பேட்டன்ட் ஏஜென்ட் வக்கீலாகவும் இல்லையென்றால் அவர் அங்கே வாதாட முடியாது, ஆனால் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், வரைபடம் அவருக்குத்தான் புரியும். உத்தரவு, முதல் பரிசோதனை அறிக்கை (அலுவலகம் முதலில் எழுப்பிய ஆட்சேபங்கள்), உங்கள் பதில், ஹியரிங்குக்குப் பின் கொடுத்த எழுத்து வாதம் எல்லாம் ஒரே கட்டாக இருக்கட்டும். நீங்கள் சொன்ன வாதத்துக்கு உத்தரவில் பதிலே இல்லாத இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். காரணம் சொல்லாத உத்தரவை ரத்து செய்து, வேறு கன்ட்ரோலர் (பேட்டன்ட் அலுவலகத்தில் முடிவெடுக்கும் அதிகாரி) புதிதாக விசாரிக்கட்டும் என்று திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது. அப்படி வந்தால் பேட்டன்ட் கிடைத்துவிட்டது என்று ஸ்வீட் வாங்கிவிடாதீர்கள், மறுபடி கிண்டிதான். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் கோர்ட் நான்காவது ஸ்டேஷன், கிண்டியும் அதே லைன்தான்.