கணிதத்தில் பிஎச்.டி.: மாணவியை இரண்டாம் ஆண்டிலேயே தயார் செய்யுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பி.எஸ்சி. கணிதம் முடிக்கும் பெண்களுக்கு அடுத்தது பி.எட்., அப்புறம் கல்யாணம் என்பதே வழக்கம். ஆய்வுப் படிப்பு என்ற பேச்சு மூன்றாம் ஆண்டுக் கடைசியில்தான் எழுகிறது. அதற்குள் காலம் கடந்துவிடும். எம்.எஸ்சி. போன்ற மேற்படிப்புச் சேர்க்கைக்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் தேர்வுக்கு விண்ணப்பம் செப்டம்பர் வாக்கில், தேர்வு பிப்ரவரியில். பல கல்லூரிகளில் அந்தத் தேர்வுக்கு வேண்டிய நேரியல் இயற்கணிதம் ஆறாம் செமஸ்டரில்தான் வருகிறது. பாடம் முடியுமுன்னே தேர்வு முடிந்துவிடும்.

யாரை ஊக்குவிப்பது? மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். நிரூபணத்தை வரி பிசகாமல் ஒப்பிப்பவளைவிட, "இந்த வரி எப்படி வந்துச்சு, மேடம்?" என்று கேட்பவளைக் கவனியுங்கள்.

வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மூன்று நான்கு பேரைக் கரும்பலகைக்கு அழையுங்கள். தேற்றத்திலிருந்து ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று கேளுங்கள். மூடிய இடைவெளி [0,1]-இல் தொடர்ச்சியான சார்பு வரம்புடையது. இடைவெளியை (0,1) ஆக்கினால்? 1/x என்று ஒருத்தி கண்டுபிடிப்பாள். அதோடு விடாதீர்கள், நிரூபணத்தில் எந்த வரி உடைகிறது என்று கேளுங்கள். ஒருங்கும் உட்தொடர்முறை கிடைக்கிறது, ஆனால் அதன் எல்லை 0, இடைவெளிக்கு வெளியே போய்விட்டது என்று அவளே சொல்லும்வரை பொறுத்திருங்கள். முந்திக்கொண்டு விடை சொல்வதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. பேச்சு தமிழில் இருக்கட்டும், எழுதுவது மட்டும் ஆங்கிலத்தில். ஆங்கிலத் தயக்கத்தாலேயே நல்ல மூளைகள் வாய் திறக்காமல் போகின்றன.

அழகப்பா பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. பொது வாய்மொழித் தேர்வு நடக்கும்போது மாணவிகளை அழைத்துப் போங்கள். பாதி புரியாது, பரவாயில்லை. ஒரு பெண் எழுந்து நின்று தன் தேற்றத்தைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்வதைப் பார்த்தால் போதும்.

ஜாம் தேர்வில் 60 கேள்விகள், 3 மணி நேரம். ஒரே விடையைத் தேர்ந்தெடுக்கும் பகுதியில் தவறுக்கு மதிப்பெண் குறையும். பல விடைப் பகுதியிலும் எண் விடைப் பகுதியிலும் குறையாது. அந்த இரண்டில் எதையும் வெற்றாக விடக்கூடாது.

வீட்டில் பேசுவது தனி வேலை. அப்பா தலையாட்டினாலும் அப்பத்தாவோ ஆயாவோ சம்மதிக்க வேண்டியிருக்கும். அவர்களும் இருக்கும்போது போங்கள். முதல் கேள்வி செலவு. சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000, வாடகைப்படி தனி. இரண்டாவது கேள்வி கல்யாணம். 2022 யு.ஜி.சி. விதிப்படி பிஎச்.டி.க்கு உச்சவரம்பு ஆறு ஆண்டு; பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு, மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பும் உண்டு. மூன்றாவது தூரம். தரமணி கணித அறிவியல் நிறுவனமும் சிறுசேரி சென்னைக் கணிதக் கழகமும் வெகுதூரமில்லை; காரைக்குடியில் விடியலில் பல்லவன் ஏறினால் மதியம் எழும்பூர்.

பரிந்துரைக் கடிதத்தில் "ஒழுக்கமானவள், கடின உழைப்பாளி" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. கரும்பலகையில் அவள் தானாகக் கண்டுபிடித்த எதிர் எடுத்துக்காட்டு எது, எந்த வாதத்தில் ஓட்டையைக் காட்டினாள் என்று எழுதுங்கள். அதற்காகவே வாராவாரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.