ஏஐ ஓட்டுனா பிராசஸர் கொதிக்குதா? நான் சரி பண்ணது இப்படித்தான்

ஏஐகிட்ட டைப் பண்றதெல்லாம் எங்க போகுது, யார் படிக்கிறாங்கன்னு வீட்ல எல்லாருக்கும் பயம், நியாயமான பயம்தான், அதனால சின்ன ஏஐ மாடல் ஒண்ணை டவுன்லோட் பண்ணி நெட் இல்லாம நம்ம கம்ப்யூட்டர்லயே ஓட்ட ஆரம்பிச்சேன். கேள்வி கேட்ட கொஞ்ச நேரத்துலயே பிராசஸர் 98 டிகிரி, ஃபேன் கத்துது, ஸ்பீடு படுத்துருச்சு. சூடு எல்லையைத் தொட்டா பிராசஸர் தன்னைக் காப்பாத்திக்க தானே வேகத்தைக் குறைச்சுக்கும். இந்த ஒரு சிப்புக்கே இவ்வளவு சூடுன்னா பெரிய ஏஐ எல்லாம் ஓடுற டேட்டா சென்டருக்கு எவ்வளவு தண்ணி, கரண்ட் போகும்னு ஜனங்க கேக்குறது சரியான கேள்வி, கம்பெனிங்க அந்தக் கணக்கை வெளிப்படையா காட்டியே ஆகணும்.

சரி, கழட்டிப் பாத்தா ஹீட்சிங்க் (பிராசஸர் மேல உக்காந்து சூட்டை இழுக்குற உலோகத் துண்டு) இடுக்கெல்லாம் தூசி அடைச்சிருக்கு, ரெண்டுக்கும் நடுவுல சூட்டைக் கடத்துற பழைய தெர்மல் பேஸ்ட் காஞ்சு பொடியா உதிருது. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் வச்சு பிராசஸர், ஹீட்சிங்க் ரெண்டையும் துடைச்சு, பிராசஸர் நடுவுல பட்டாணி அளவு புது பேஸ்ட் வச்சு, ஹீட்சிங்க் ஸ்க்ரூவை எதிரெதிர் மூலையா மாத்தி மாத்தி கொஞ்சங் கொஞ்சமா டைட் பண்ணேன், ஒரே பக்கமா முறுக்கினா பேஸ்ட் சமமா பரவாது. அப்புறம் பயாஸ்ல (கம்ப்யூட்டர் ஆன் ஆகுறப்ப வர்ற அடிப்படை செட்டிங்ஸ்) பிராசஸர் இழுக்குற கரண்டோட பவர் லிமிட்டை குறைச்சேன், வேகம் பெருசா அடி வாங்கல, ஏன்னா மாடல் பதில் எழுதுறப்ப பெரும்பாலும் பிராசஸர் வேகம் இல்ல, ராம் (மெமரி) வேகம்தான் தடை. இப்ப 75 டிகிரியைத் தாண்டறதில்ல. தூசி ஊதுறப்ப மட்டும் ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கோங்க, இல்லன்னா பேரிங் போயிடும்.