புளியங்கொட்டையும் பட்டர் பேப்பரும்: பிள்ளைகளுக்கு ஒரு நகரத்தைச் சொல்லித் தருவது எப்படி

நகரமயமாதல் என்றால் என்ன என்று கேளுங்கள், ஏழாம் வகுப்புப் பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். "சரி கண்ணு, நம்ம ஊர்ல இத்தனை மில்லு ஏன் வந்துச்சு?" என்று கேட்டால் விட்டத்தைப் பார்க்கும். நான் கோவையில் சிங்காநல்லூர்ப் பக்கம் சமூக அறிவியல் எடுக்கிறேன். இந்தப் பாடத்துக்கு இந்தியாவின் எல்லா நகரங்களையும் நான் இழுப்பதில்லை. ஒரே ஊர் போதும், அதுவும் பிள்ளைகள் டவுன் பஸ்ஸில் போய்ப் பார்க்கிற ஊர். எந்த மாற்றம் வந்தாலும் இரண்டே கேள்வி: ஏன் இங்கே, ஏன் அப்போது? இந்த இரண்டுக்கும் பதில் தேடத் தெரிந்தால் வரையறையை அவர்களே எழுதிவிடுவார்கள்.

என் முறையைக் கோவையை வைத்தே சொல்கிறேன். உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் பட்டர் பேப்பர் வாங்குங்கள், அடியில் இருப்பது தெரியும் மெல்லிய தாள். ஸ்டேஷனரிக் கடையில் பெரிய தாளாகக் கிடைக்கும். ஒரே அளவில் ஐந்து தாள் வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் மூலைகள் பொருந்தும்படி குறியிடுங்கள்.

முதல் தாளில் தண்ணீர் மட்டும். ரோடு, வீடு எதுவும் வேண்டாம். மேற்கே வெள்ளியங்கிரி மலைப்பக்கமிருந்து நொய்யல் வருகிறது, கிழக்கே போகிறது. அதன் வழியில் குளங்கள்: கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி, சிங்காநல்லூர். மழை குறைவான ஊரில் இத்தனை குளம் எதற்கு என்று கேளுங்கள். விவசாயம் பார்க்கிற வீட்டுப் பிள்ளை முதலில் பதில் சொல்லும்.

இரண்டாம் தாளில் பழைய டவுன். பெரியகடை வீதி, ராஜ வீதி, ஒப்பணக்கார வீதி, இடையர் வீதி, கோட்டைமேடு. இதை முதல் தாள்மேல் வைத்தவுடனே, டவுன் உக்கடம் குளத்தை ஒட்டியே உட்கார்ந்திருப்பது தெரியும். "கோட்டைமேட்டுல கோட்டை எங்க டீச்சர்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். மைசூர்ப் போர்க் காலத்தோடு கோட்டை போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது என்று சொல்லுங்கள். அதே தாளின் ஓரத்தில் டாடாபாத்தையும் வரையச் சொல்லுங்கள். எண் போட்ட வீதிகள், நேர்கோட்டுக் குறுக்குச் சந்துகள். எந்தப் பகுதி நடந்து நடந்து உண்டானது, எந்தப் பகுதி ஸ்கேல் வைத்துப் போட்டது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

மூன்றாம் தாள் ரயில். இது எனக்குப் பிடித்த தாள். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையில் பேப்பூர் வரை பாதை 1862-இல் போட்டு முடித்தபோது, ரயில் கோவை டவுனுக்குள் வரவில்லை, போத்தனூர் வழியாகப் போனது. போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை 1873-இல் வந்த பிறகுதான் கோவைக்கு ரயில். பெரிய ஜங்ஷன் போத்தனூர், ஆனால் வளர்ந்தது கோவை. ஏன் என்று ஒரு வகுப்பு முழுக்கப் பேச விடுங்கள். ரயில் வந்தால் ஊர் வளரும் என்று புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடுகிறது. சந்தை, அலுவலகம், பருத்தி மண்டி எல்லாம் ஏற்கெனவே இருக்கிற இடத்தை நோக்கி ரயிலும் வளைந்து வரும் என்பதைப் பிள்ளைகள் இங்கேதான் பிடிப்பார்கள்.

நான்காம் தாள் மில். இதற்கு நேரம் ஒதுக்குங்கள், அவசரப்படாதீர்கள். ஸ்டேன்ஸ் மில் 1888-இல் வந்தது. சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல் மண், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று. காற்று காய்ந்திருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம், ஆளுக்கு ஒரு துண்டு பஞ்சு கொடுத்துத் திரிக்கச் சொல்லுங்கள். விரலை நனைத்துக்கொண்டு திரிக்கும் பிள்ளைக்கு நூல் வரும்.

அப்படியானால் மில்கள் எல்லாம் 1888-லேயே வரிசையாக வந்திருக்க வேண்டுமே? இல்லை. கூட்டமாக வந்தது 1930-களில். இங்கேதான் "ஏன் அப்போது" என்ற கேள்விக்கு வேலை. 1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது, மின்சாரம் மலையிறங்கிக் கோவைக்கு வந்தது. மில்லும் பெருகியது. தோட்டத்துக் கிணறுகளில் மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த இடத்தில் மோட்டார் வந்தது. மில் மெஷினுக்கு உதிரிப்பாகம் வார்க்கத் தெரிந்த கை, பம்புசெட் செய்யவும் கற்றுக்கொண்டது. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் 1937-இல் இங்கேயே மின் மோட்டார் செய்தார்கள். பம்புக்கு அப்புறம் வெட் கிரைண்டர். இந்தச் சங்கிலியைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு எழுதுங்கள், நடுவில் ஒரு கண்ணியை அழித்துவிட்டு "இது இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்?" என்று கேளுங்கள். பைக்காராவை அழித்தால்தான் சண்டை நன்றாக நடக்கும்.

ஐந்தாம் தாள் இன்றைய கோவை. சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிகள், டைடல் பார்க், புறவழிச்சாலை. இதை விரைவாக முடிக்கலாம், பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

மக்கள்தொகைக்குப் புளியங்கொட்டை. ஒரு கொட்டை பத்தாயிரம் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1901-இல் கோவையில் 53 ஆயிரம் பேர், அதாவது 5 கொட்டை. 1951-இல் இரண்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, 20 கொட்டை. 2001-இல் 9.3 லட்சம், 93 கொட்டை. 2011-க்கு வரும்போது இரண்டு குவியல் வையுங்கள்: பழைய மாநகராட்சி எல்லைக்குள் 105, விரிந்த எல்லைக்குள் 160. ஒரே வருஷம், ஒரே ஊர், 55 கொட்டை வித்தியாசம். அத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்? யாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிகளோடு பல பேரூராட்சிகளும் மாநகராட்சியில் சேர்ந்தன, வார்டு 72-லிருந்து 100 ஆனது. சிங்காநல்லூரே 1981-இல் மாநகராட்சி உண்டானபோது சேர்ந்த ஊர்தான். ஊர் வளர்வது வேறு, கோடு நகர்வது வேறு. பத்திரிகையில் வரும் மக்கள்தொகைக் கணக்கை இதற்கப்புறம் பிள்ளைகள் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள், அது நல்லது. 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காததால் அதற்குக் கொட்டை வைக்க முடியாது. அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள், ஊகத்தை நிரப்பாதீர்கள்.

வீட்டுப்பாடம், பெரியவர்களிடம் பேசுவது. "அந்தக் காலத்துல ஊர் எப்படி இருந்துச்சு?" என்று கேட்கவிட்டால் "அதெல்லாம் சொர்க்கம்" என்ற பதிலோடு பிள்ளை திரும்பி வரும். கேள்வியைப் பொடிப்பொடியாக உடைத்துக் கொடுங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீங்க? குடிதண்ணி எங்கிருந்து? சம்பளம் என்னைக்கு? வீடு கட்டுறதுக்கு முன்னால அந்த எடத்துல என்ன இருந்துச்சு? அப்போதுதான் "மில்லு சங்கு ஊதுனா எந்திரிப்போமுங்க, கடியாரம் எதுக்கு?" என்பது போன்ற பதில் வரும். சங்கு எந்த மில்லுடையது என்று பிள்ளை அடுத்ததாகக் கேட்டால் நான்காம் தாளில் ஒரு புள்ளி கூடும்.

தாத்தா பாட்டி பிறந்த ஊரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், ஊர் மட்டும். உடுமலை, திருநெல்வேலி, பாலக்காடு என்று வரும், இப்போது பீகார், ஒடிசா என்றும் வரும். சீட்டுகளைக் கலக்கிப் படத்தில் ஒட்டுங்கள். எந்தப் பிள்ளையையும் எழுப்பி "நீ எங்கிருந்து வந்தே?" என்று கேட்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. முதல் தலைமுறையில் ரயிலேறி வந்தவரையும் மூன்றாம் தலைமுறைக்காரரையும் ஒரே படத்தில் பார்க்கும்போது சொல்ல வேண்டியது தானே தெரிந்துவிடும்.

மூடிய மில்லைப் பற்றிப் பேசாமல் விடாதீர்கள், ஆனால் அப்பாவுக்கு மில் வேலை போன வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருக்கும் என்பதை மனதில் வைத்துப் பேசுங்கள். 1910-இல் தொடங்கிய லட்சுமி மில் வளாகத்தில் இப்போது கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. அங்கே அன்று என்ன வேலை, இன்று என்ன வேலை என்று இரண்டு பட்டியல் போடச் சொன்னால் போதும்.

வேறு ஊர் என்றால் தாள்கள் மாறும். நெய்வேலிக்கு முதல் தாள் தண்ணீர் இல்லை, பழுப்பு நிலக்கரி. திருப்பூருக்கு பனியன் தாள்தான் கனமாக இருக்கும். ராமேஸ்வரம் பக்கம் இருப்பவர்கள் தனுஷ்கோடியை எடுக்கலாம்: இலங்கைக்குக் கப்பல் ஏற ரயில் போன ஊர், 1964 டிசம்பர் புயலோடு முடிந்தது. கடைசித் தாள் வெறுமையாக இருக்கும் படமும் பிள்ளைகள் பார்க்க வேண்டியதே.

மதிப்பெண் போடும்போது படத்தின் அழகைப் பார்க்காதீர்கள். ஏதாவது இரண்டு தாளை எடுத்து, "இதனால் அது வந்தது" என்று ஒரு காரணம் சொன்னால் பாதி மதிப்பெண். அந்தக் காரணத்துக்குச் சான்று காட்டினால், அது வீட்டுப் பெரியவர் சொன்னதாகவே இருந்தாலும், மீதிப் பாதி. தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாமல் பீரோவில் வையுங்கள். அடுத்த வருஷப் பிள்ளைகள் ஆறாம் தாள் போடட்டும், அவினாசி ரோட்டு மேம்பாலம் ஒன்றே அதற்குப் போதும்.