பாறைத்தூளை நுண்ணுயிர்களைக் கொண்டு உரமாக்கும் முறை

தமிழ்நாட்டின் பெரும்பாலான வயல்கள் நடுநிலை மண்ணாகவோ சற்றுக் களர்த்தன்மை உள்ளவையாகவோ இருப்பதால், மணிச்சத்து (பாஸ்பரஸ்) உள்ள பாறைத்தூளான ராக் பாஸ்பேட்டை மூட்டையைப் பிரித்து அப்படியே தூவினால் அந்தப் பருவத்துப் பயிருக்குக் கிடைப்பது மிகக் குறைவு. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களைப் போன்ற அமில மண்ணில் அது தானாகவே மெல்லக் கரையும். இலங்கையில் அநுராதபுர மாவட்டத்து எப்பாவலப் பாஸ்பேட் தேயிலை, ரப்பர், தென்னை போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கே பெரிதும் இடப்படுவதும் அதன் மெதுவான கரைதலால்தான். மற்ற இடங்களில் கரைக்கும் வேலையை வயலுக்கு விட்டுவைக்காமல் எருக்குவியலிலேயே தொடங்கிவிட வேண்டும்.

பாஸ்போபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் வெளியிடும் குளுக்கோனிக், சிட்ரிக் போன்ற கரிம அமிலங்களே பாஸ்பேட்டைக் கரைக்கின்றன. அந்த அமிலத்தை உண்டாக்க அவற்றுக்குத் தின்னக் கரிமப்பொருள் வேண்டும். நம் நிலங்களில் அதுவே பற்றாக்குறை. உயிர் உரம் போட்டும் பலன் தெரியவில்லை என்னும் குறைக்கு இந்தப் பட்டினியும் ஒரு காரணம்.

அடுத்து, எருக்குவியலில் கல்தூளாகச் சேர்க்கும் குவாரிக் கழிவு. ஜல்லி உடைக்கும் கிரஷரில் சேரும் தூளும், கிரானைட் அறுக்கும் ஆலைகளில் தேங்கும் சேறும் மலிவாகவே கிடைக்கும். விரலிடையில் தேய்த்தால் நறநறக்காமல் மாவாக இழைவதை மட்டுமே எடுக்கவும். உலர்ந்த தூளில் சிறிது வினிகர் விட்டுப் பார்க்கவும். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது, களர் நிலத்துக்கு அது ஆகாது. பாளங்களை அறுக்கும்போது இரும்பு மணிகளையும் சுண்ணாம்பையும் சேர்க்கும் ஆலைகள் உண்டு என்பதால், ஆலைச் சேற்றுக்கு இந்தச் சோதனை கட்டாயம். மெருகூட்டும் பிரிவிலிருந்து வரும் சேற்றில் பிசின் கலந்திருக்கக்கூடும் என்பதால் அதை அடியோடு தவிர்க்கவும். இந்தச் சோதனைக்கு எடுக்கும் சிறிதளவைத் தவிர எந்தத் தூளையும் நனைத்த பிறகே கையாள வேண்டும்; எப்போதும் முகக்கவசம் அணியவும். காற்றில் பறக்கும் சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும்.

ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். சாம்பல் சத்து (பொட்டாஷ்) நான்கு சதவீதம் உள்ள கிரானைட் தூளில் 50 கிலோ இட்டால், மொத்தச் சத்தே 2 கிலோதான். அதிலும் கொஞ்சமே அந்த ஆண்டு வெளிவரும். 50 கிலோ மூட்டை பொட்டாஷ் உரத்தில் 30 கிலோ இருக்கிறது. ஒரு டன் வைக்கோலை நிலத்திலேயே மடக்கி உழுதால் 15 கிலோவுக்குக் குறையாமல் திரும்பும். ஆகவே கல்தூளைப் பொட்டாஷுக்கு மாற்று என்று விற்பவரை நம்ப வேண்டாம். நுண்ணூட்டங்களும் சிலிக்காவும் மெல்லச் சேரும் என்ற அளவில் அது நல்லது. பிரேசில் 2013இல் பாறைத்தூளை உரச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, பின்னர் வகுத்த விதியில் குவார்ட்ஸ் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. நம் கிரானைட்டில் பல அந்த வரம்பிலேயே தோற்றுவிடும். மணிச்சத்தின் கதை வேறு. குறைந்தது 18 சதவீதம் உள்ள ராக் பாஸ்பேட்டில் 50 கிலோ என்றால் 9 கிலோ சத்து. உழைப்பு அங்கேதான் பலன் தரும்.

நிழலான மேட்டில், பாதி மக்கிய தொழு உரம் ஒரு டன்னைப் பரப்பி, ராக் பாஸ்பேட் 50 கிலோவையும் கல்தூள் 50 கிலோவையும் அடுக்கடுக்காகக் கலந்து, கையில் பிடித்து அழுத்தினால் ஈரம் ஒட்ட வேண்டும், சொட்டக் கூடாது என்ற பதத்தில் நீர் தெளித்துக் குவிக்கவும். நுண்ணுயிரை அன்றே ஊற்றுவது வீண், ஏனெனில் குவியல் சூடேறும்போது பல இனங்கள் இறந்துவிடும். ஒரு இரும்புக் கம்பியை நடுவில் கால் மணி நேரம் செருகி வைத்து உருவிப் பார்க்கவும். உள்ளே இருந்த முனையைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிந்தால் சூடு தணிந்துவிட்டது. அதன்பின் பாஸ்போபாக்டீரியாவும், சாம்பல் சத்தைக் கரைக்கும் பொட்டாஷ் பாக்டீரியாவும் திரவ வடிவில் தலா 500 மில்லி எடுத்து, ஒரு கிலோ வெல்லம் கரைத்த 20 லிட்டர் நீரில் கலந்து, குவியலைக் கிளறிக்கொண்டே தெளிக்கவும். குளோரின் கலந்த குழாய்நீரை ஒருநாள் திறந்து வைத்த பிறகே பயன்படுத்தவும். ஈரச்சாக்கால் மூடி, பத்து நாளுக்கு ஒருமுறை புரட்டி, 30 முதல் 45 நாள் வைக்கவும்.

வேம் (VAM) என்னும் வேர்ப்பூஞ்சாணத்தை இந்தக் குவியலில் சேர்ப்பது பணத்தைக் கொட்டுவதாகும், ஏனெனில் அது உயிருள்ள வேரில் மட்டுமே பெருகும். நாற்றங்காலிலோ நடவுக் குழியிலோ, வேர் தொடும் இடத்தில் அதைத் தனியே இட வேண்டும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு ஆகியவற்றுக்கு அது வேண்டியதில்லை; அந்தக் குடும்பத்து வேர்களோடு அது கூட்டுச் சேர்வதில்லை.

முதிர்ந்த எருவை ஏக்கருக்கு ஒரு டன் வீதம், நடவு வரிசையிலேயே இட்டு மண்ணால் மூடவும். தென்னைக்குத் தண்டிலிருந்து 1.8 மீட்டர் ஆரத்துக்குள் வட்டப்பாத்தியில் மண்ணோடு கலக்கவும். பூஞ்சைக்கொல்லியையோ ரசாயன உரத்தையோ இதோடு கலந்து இடக்கூடாது. முதல் பருவத்தில் மணிச்சத்து உரத்தைக் கால் பங்குக்கு மேல் குறைக்க வேண்டாம். ஓரத்தில் பழைய அளவிலேயே ஒரு பாத்தியை விட்டுவைத்து, அறுவடையில் இரண்டின் எடையையும் ஒப்பிட்டு, மறுபடி மண் பரிசோதனை செய்த பிறகு அடுத்த குறைப்பை முடிவு செய்யலாம்.