மரத்துக்குத் தீத்தடுப்புப் பூச்சு: டின்னில் இருக்கும் பச்சை இலையை மட்டும் நம்பாதீர்கள்

இன்டீரியர் வேலை முடியும் கட்டத்தில்தான் பலருக்குத் தீயின் நினைப்பே வருகிறது. கடையில் பச்சை இலைப் படம் போட்ட டின் ஒன்றை எடுத்து வைப்பார்கள். "வாட்டர் பேஸ்டு சார், வாசனையே இருக்காது, நெருப்பும் பிடிக்காது." இந்தப் பேச்சை அப்படியே நம்புவதுதான் முதல் தவறு.

எந்தப் பூச்சு பூசினாலும் மரம் எரியாப் பொருளாகிவிடாது. தீ பற்றுவது தாமதமாகும், சுடர் பரவும் வேகம் குறையும், அவ்வளவுதான். ஐரோப்பிய வகைப்பாட்டில் சாதாரண மரம் பெரும்பாலும் 'டி' வகுப்பு. நல்ல பூச்சு அதை 'பி' வரை உயர்த்தும், எரியவே எரியாத 'ஏ1' ஆக்காது. பருமனான பைன் உத்திரம் நிமிடத்துக்குச் சுமார் 0.65 மி.மீ. வீதம்தான் கரியும், அந்தக் கரியே உள்மரத்துக்குக் காவல். சுவரிலும் சீலிங்கிலும் அடிக்கும் மெல்லிய பேனல்களுக்குத்தான் பூச்சு முக்கியம். அறை முழுக்கத் தீயைக் கொண்டுபோவது அவைதான்.

'வாட்டர் பேஸ்டு' என்றால் கரைப்பான் நெடி குறைவு என்று பொருள். தீயைத் தடுக்க உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது வேறு கேள்வி. தீத்தடுப்புக்குப் பயன்பட்ட குறுஞ்சங்கிலி குளோரினேற்ற பாரஃபின்களையும் டெகா-பிடிஇ என்ற புரோமின் சேர்மத்தையும் 2017இல், நச்சு ரசாயனங்களை ஒழிப்பதற்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்த்தார்கள். இவை எளிதில் சிதையாமல் உயிரினங்களின் உடலில் தங்குபவை. 'இயற்கையானது' என்று விற்கப்படும் வெண்காரத்திலும் கவனம் வேண்டும். போரிக் அமிலமும் வெண்காரமும் இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் என்பதால் 2010இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மிகுந்த கவனத்துக்குரிய பொருள்களின் பட்டியலில் ஏறின. போதாக்குறைக்கு, ஈரம் பட்டால் கரைந்தும் போகும். டின்னோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்கி, மூன்றாம் பிரிவைப் படியுங்கள். பொருள்களின் பெயர் அங்கேதான் இருக்கும்.

ஹாலோஜன் (குளோரின், புரோமின் போன்றவை) இல்லாத, சூட்டில் உப்பும் வகைப் பூச்சுகள் பெரும்பாலும் அம்மோனியம் பாலிபாஸ்பேட், பென்டாஎரித்ரிடால், மெலமைன் மூன்றும் சேர்ந்தவை. சூடு ஏறும்போது அப்பளம் பொரிவதுபோல உப்பிக் கரிநுரையாகி மரத்தை மூடிக்கொள்ளும். தவிட்டில் உள்ள ஃபைட்டிக் அமிலத்தை வைத்தும் ஆய்வுகள் நடக்கின்றன. அப்படி ஏதாவது கடைக்கு வந்தால், சோதனை அறிக்கை இல்லாமல் வாங்காதீர்கள்.

பணம் வீணாவது பெரும்பாலும் அளவில்தான். பெயிண்டர் இதையும் சாதாரண பெயிண்ட் மாதிரி இழுத்து மெல்லிசாக அடித்துவிடுவார். நுரை எவ்வளவு தடிமனாக எழும் என்பது எவ்வளவு பூசினோம் என்பதைப் பொறுத்தது. டேட்டா ஷீட்டில் சதுர மீட்டருக்கு 350 கிராம் என்று இருந்தால், 40 சதுர மீட்டர் சுவருக்கு 14 கிலோ தீர வேண்டும். "பாதி மிச்சம் பிடிச்சிட்டேன் சார்" என்று அவர் டின்னைத் திருப்பித் தந்தால் சந்தோஷப்படாதீர்கள், இன்னும் அடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த சிக்கல் பளபளப்பு. உப்பும் பூச்சு கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். வீட்டுக்காரருக்குப் பிடிக்காது; பாலிஷ்காரர் மேலே கனமாகப் பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் அடித்துவிடுவார். அந்தப் படலம் தானும் எரியும், அடியிலிருப்பது உப்பவும் தடையாகும். மேல்பூச்சே வேண்டாம் என்று விட்டாலும் ஆபத்து: சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோரக் காற்றில் பூச்சு ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும், வெள்ளையாகப் பூக்கும். எந்த மேல்பூச்சோடு சேர்த்துச் சோதித்தார்களோ அதையே, சொன்ன அளவில் அடிக்க வேண்டும். ஐரோப்பாவின் இ.என். 16755 தரம் உலர்ந்த அறை, ஈரப்பதமான உள்ளிடம், வெளிப்புறம் என்று பூச்சுகளைப் பிரிக்கிறது. உள்ளறைப் பூச்சை வெளித் திண்ணைத் தூணில் அடித்துவிட்டுப் பருவமழையைக் குறை சொல்வதில் பயனில்லை.

பழைய பாலிஷை உப்புத்தாளால் முழுக்கத் தேய்த்து எடுக்காமல் அடித்தால் பூச்சு பிடிக்காது. தேக்கின் எண்ணெய்ப் பசையைத் துடைக்க வேண்டும். ஈரம் காயாத பச்சை மரத்தில் அடிக்கவே கூடாது. பேனலின் வெட்டு ஓரங்களையும், பின்னால் இடைவெளி இருந்தால் முதுகுப் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்தபின் எலக்ட்ரீஷியன் வந்து டவுன்லைட்டுக்கு வட்டமாக வெட்டுவார். வெட்டிய விளிம்பு மொட்டை மரம், பக்கத்திலேயே சூடாகும் விளக்கு. அதற்கென்றே அரை லிட்டர் எடுத்து வைத்து, விளக்கு மாட்டும் முன் பிரஷ்ஷால் பூசிவிடுங்கள்.